பிழைத்தவர்கள் பஸ்ஸில் வந்தார்கள்

கண்டி நகரத்து வாகனக் கொட்டிலில் ஒரு சிவப்பு வண்டியும் ஒரு வெள்ளை வண்டியும் அடுத்தடுத்து நின்றன. சிவப்பு வண்டி பயர் எஞ்சின். அதை ஓட்டியவர் மஹ்மூத். வெள்ளை வண்டி அம்புலன்ஸ். அதை ஓட்டியவர் இருளப்பன். இரண்டுமே வெள்ளைக்காரன் போகும்போது விட்டுப்போனவை. இரண்டிலும் கயிறு கட்டிய பித்தளை மணி. இரண்டையும் மழைக்காலக் காலைகளில் நாலு பேர் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரிதான் இருந்தன. ஆனால் ஊர் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது, மற்றதைக் கண்டால் காறித் துப்பியது.

மஹ்மூத்தின் வண்டி எந்த நெருப்பையும் உரிய நேரத்தில் கண்டதில்லை. கண்டி மேடும் பள்ளமுமான ஊர். தண்ணீரைச் சுமந்துகொண்டு அது மூச்சிரைக்க ஏறி முடிப்பதற்குள் கூரை இறங்கியிருக்கும். மஹ்மூத் சாம்பலை நன்றாக நனைப்பார். சனம் கைதட்டும். யாராவது ஒரு வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும். பெரஹரா ஊர்வலக் காலத்தில் அந்த வண்டி வீதியைக் கழுவும். கலியாண வீடுகளுக்குச் சமையலுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும். அதனால் எந்தச் சமூகத்துக் கலியாணமானாலும் மஹ்மூத்துக்கு முதல் பந்தியில் இடம் இருந்தது.

இருளப்பனோ பாம்பு கடித்தவர்களையும், கித்துள் மரத்திலிருந்து விழுந்தவர்களையும், வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்த பெண்களையும் மணியடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஹுன்னஸ்கிரிய மலையில் தோட்டத்து லொறி ஓட்டிப் பழகிய கை. எந்த வளைவிலும் நோயாளியின் தலை ஆடாது. அந்த வண்டி தெருவுக்குள் நுழைந்தால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். வண்டிக்கு ஊர் வைத்திருந்த பெயர் பிண வண்டி. அவருக்கு வைத்திருந்த பெயரும் அதை ஒட்டியதுதான்.

"ஒனக்கு என்னத்துக்கு இந்தக் கவலை இருளப்பன்?" என்பார் மஹ்மூத். "நான் போற நேரம் வீடு சாம்பலாகித்தான் ஈக்கி. நீ போற நேரம் ஆள் உசிரோட ஈக்கி. அல்லாவுக்குக் கணக்குத் தெரியும்."

அல்லாவுக்குத் தெரிந்து என்ன, தெருவுக்கல்லவா தெரிய வேண்டும் என்று இருளப்பன் மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

இதற்கெல்லாம் காரணம் என்னவென்று ஒரு லீவு நாளில்தான் அவருக்குப் பிடிபட்டது. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். சில வாரங்களுக்கு முன் மண்டை பிளந்து, ரத்தம் வடிய வடிய அவர் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், தலையில் ஒரு சிறு கட்டோடும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். இருளப்பனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டத்தோடு கூட்டமாக ஏறினார். தன் தெருமுனையில் இறங்கி, ஒருவரும் கவனியாமல் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்கள்? வசதியில்லாத குடும்பமானால் உடலை வீட்டில் சேர்ப்பது அம்புலன்ஸின் வேலை. மணியடிக்காமல், மெதுவாக, தெரு முழுக்கப் பார்த்து நிற்க.

ஆக, பிழைத்தவர்கள் எல்லோரும் பஸ்ஸில் வந்தார்கள். செத்தவர்கள் மட்டும் இருளப்பனோடு வந்தார்கள். இதைப் பார்க்கிற சனம் வேறு என்னதான் நினைக்கும்?

மறுநாளே மேலதிகாரியின் கந்தோருக்குப் போய், சுகமானவர்களையும் வண்டியில் கொண்டுபோய் விட உத்தரவு கேட்டார். கந்தோர் மாத்தையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உயிரோட இருக்கிறவனுக்குக் கால் இருக்குதானே, இருளப்பன். பஸ்ஸும் இருக்கு." அத்தோடு அந்த விண்ணப்பம் முடிந்தது.

தன் ஒருவருக்கு வந்த அவமானமென்றால் இருளப்பன் விழுங்கியிருப்பார். பல வருஷமாக விழுங்கிப் பழகியவர். ஆனால் அது மகள் ஞானேஸ்வரியின் தலையில் விடிந்தது.

குண்டசாலைச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த தியாகராஜாவின் மகனுக்கு ஞானேஸ்வரியைப் பேசி வந்தார்கள். பையனுக்குப் பிடித்திருந்தது. பெண்ணுக்கு அவனைவிடக் கூடுதலாகப் பிடித்திருந்தது. சாதகம் பொருந்தியது. தியாகராஜாவின் விதவை அக்கா சுப்பம்மா பெண் பார்க்க வந்து, மஹியாவையில் இருளப்பனின் இரண்டு அறை வீட்டில் ஒரு தட்டுச் சுசியம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "புள்ள நல்ல புள்ளடா" என்று தம்பியிடம் அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். தரகர் 'அரசாங்க சாரதி' என்று மட்டும் சொல்லியிருந்தார். எந்த வண்டி என்று தியாகராஜா அப்போதுதான் கேட்டார்.

பதிலைக் கேட்டதும் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரைக்கு அடியில் மெல்ல வைத்தார்.

"ஒங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க," என்றார். "ஆனா அந்த வண்டியத் தொட்ட கையால தாரை வாத்துக் குடுத்தா எங்க வீடு வெளங்குமா, நீங்களே சொல்லுங்க."

ஞானேஸ்வரி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அதற்குப் பிறகு அப்பாவின் காக்கிச் சட்டையை அவள் வழக்கம்போலவே துவைத்துப் போட்டாள், ஒரு வார்த்தை பேசாமல். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஆவணியில் சுப்பம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. துடித்துப் போனார். தியாகராஜா வாடகைக் காருக்கு ஓடினார், கிடைக்கவில்லை. "அந்தப் புள்ளயோட அப்பனுக்குப் போன் போடுடா," என்று பாயில் சுருண்டு கிடந்தபடி சுப்பம்மாவே சொன்னார். பக்கத்துப் பேக்கரியிலிருந்து போன் போட்டார்கள். இருளப்பன் வந்தார். தியாகராஜா அக்காவை வண்டியில் ஏற்றிவிட்டு, அப்போதே பாதி அழுதுவிட்டார். வெடிக்க இருந்த குடல்வாலை டாக்டர்கள் வெட்டி எறிந்தார்கள்.

குண்டசாலைப் பக்கத்துக் கராஜில் அம்புலன்ஸுக்குப் பிரேக் பார்க்க வேண்டியிருந்த நாளில், வார்டில் இடம் போதாமல் சுப்பம்மாவை எதிர்பார்த்ததற்கு முன்பே டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி அனுப்பினார்கள். வீட்டுக்குச் செய்தி போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் துணிப்பொட்டலத்தோடு நின்ற அவரை இருளப்பன் கண்டார். அவருக்குள் ஒரு யோசனை பளிச்சிட்டது. கராஜுக்குப் போகிற வழிதானே. உயிரோடு ஒரு மனுஷியை, அதுவும் தியாகராஜாவின் சொந்த அக்காவை, தெருவே பார்க்க இந்த வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் பிறகு யார் என்ன பேச முடியும்?

"பஸ்ஸு குலுக்கும்மா, தையல் பிரிஞ்சிரும். வாங்க, நான் கொண்டுபோய் விடுறேன்."

"படுத்துக்கிட்டு வரணுமா?"

"ஒக்காந்தே வரலாங்க."

"இல்ல, வந்தது வந்தேன், படுத்தே வர்றேன்," என்று சுப்பம்மா ஏறிப் படுத்துக்கொண்டார்.

தென்னக்கும்புரப் பாலம் தாண்டும்வரை இருளப்பன் மனதுக்குள் கலியாணப் பந்தலே போட்டுவிட்டார். நல்ல செய்தி என்பதால் மணியடிக்கவில்லை. தையலை நினைத்து மெதுவாக ஓட்டினார். மணியடிக்காமல், மெதுவாக வருகிற அம்புலன்ஸ் என்றால் தெருவுக்கு என்ன அர்த்தம் என்பது, அதைக் கண்டுபிடித்த மனிதருக்கே அந்த நேரம் மறந்துவிட்டது. புத்திமான்களுக்குத்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

வண்டி தெரு திரும்பியதுதான் தாமதம், முதல் வீட்டிலேயே ஓலம் கிளம்பிவிட்டது. அது வண்டியை முந்திக்கொண்டு ஓடியது. தியாகராஜா கடையிலிருந்து வேட்டி அவிழ ஓடிவந்தார். ஒருவர் சாவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டக் கயிறு தேடினார், இன்னொருவர் தப்புக்காரர்களைக் கூப்பிடச் சைக்கிளில் பறந்தார். இருளப்பன் குதித்து இறங்கி, "அழாதீங்க, அம்மா நல்லாத்தான்..." என்றார். அந்தச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "ஆமாப்பா, நல்லாத்தான் வாழ்ந்தாங்க," என்று ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டினார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்பக்கம் போய்க் கதவைத் திறக்கப் போனார். உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில் சுப்பம்மா, "தொறக்காதீங்க," என்றார்.

"ஏம்மா?"

"அவ அழுறா. கொஞ்சம் கேட்டுட்டு எறங்குறேன்."

அழுதுகொண்டிருந்தது தியாகராஜாவின் மனைவி. அடுப்படி விவகாரத்தில் அந்த இருவருக்கும் பல வருஷப் பகை, ஒரே வீட்டில் இரண்டு உப்புச்சாடி. இப்போது அவர் மார்பில் அடித்துக்கொண்டு, "பெத்த தாயாட்டம் பாத்தியே மதினி, ஒன் கை ரசத்துக்கு இனி எங்க போவேன்" என்று பாடினார். உள்ளே சுப்பம்மா, "அடிப்பாவி, போன வாரம்தானே அந்த ரசத்தக் கழனித்தண்ணின்னு சொன்ன," என்று முணுமுணுத்தார். வேலை போய்விடும் என்று இருளப்பனுக்குத் தோன்றியது. மகள் முகம் கண்முன் வந்தது. எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அப்போது தியாகராஜா வண்டியில் தலையை முட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"அக்கா, ஒன்னே ஒன்னுதானே கேட்ட. அந்த மஹியாவப் புள்ளய இந்த வீட்டுக்குக் கொண்டான்னு. நாந்தான் சகுனம் சாஸ்திரம்னு ஒன் வாயடைச்சேன். எந்திரிச்சு வா அக்கா. அந்தப் புள்ளயவே கட்டிவெக்கிறேன். ஒம் மேல சத்தியம்."

உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது.

"இப்பத் தொறங்க," என்றார் சுப்பம்மா.

இறங்கியவர் சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, வாய் பிளந்து நின்ற தம்பியைப் பார்த்து, "சரிடா, நாள் பாரு," என்றார். இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அவர்களை ஏற்றிப் போகத்தான் அம்புலன்ஸ் தயாராக நிற்கிறதே என்று யாரோ சொன்னார், அதைக் கேட்டதும் இருவரும் தாமாகவே எழுந்துவிட்டார்கள். வந்து சேர்ந்த தப்புக்காரர்கள் சும்மா போக மனமில்லாமல் தாளத்தை மாற்றி அடித்துவிட்டுப் போனார்கள்.

துக்கத்தில் சொன்னது கணக்கில் சேராது என்று தியாகராஜா இரண்டு நாள் இழுத்துப் பார்த்தார். "செத்தவளுக்குக் குடுத்த வாக்கு உசிரோட இருக்கிறவளுக்கு இல்லேங்கிறியா?" என்று சுப்பம்மா கேட்டார். தெருவே சாட்சி. தை மாதத்தில் கலியாணம் நடந்தது. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம், பந்தியில் மரவள்ளிக்கிழங்கும் பரிமாறினார்கள். மஹ்மூத் சமையலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். தியாகராஜா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: பெண்ணும் பெண்வீட்டாரும் எதில் வந்தாலும் சரி, அந்த வெள்ளை வண்டியில் மட்டும் வரக்கூடாது. எனவே எல்லோரும் பஸ்ஸில் வந்தார்கள். இருளப்பன் அந்தக் கையாலேயே தாரை வார்த்துக் கொடுத்தார். வீடு நன்றாகவே விளங்கியது.

அதற்குப் பிறகு அந்த ஒரு தெருவில் மட்டும் அம்புலன்ஸைக் கண்டால் யாரும் கதவைச் சாத்தவில்லை. சுப்பம்மாவின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கலியாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது வண்டிக்குள் படுத்திருந்த சுப்பம்மாவை நடித்துக் காட்டுவார்கள். எல்லோரையும்விட நன்றாக நடித்தது சுப்பம்மாதான்.

எண்பதாம் ஆண்டு வாக்கில் ஜப்பானிலிருந்து புது வண்டிகள் வந்தன. மேடை போட்டு, ரிப்பன் வெட்டி, பயர் எஞ்சினைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். மாலையெல்லாம் அதன் கழுத்துக்கே போய்விட்டதால், அம்புலன்ஸுக்கு மஹ்மூத் தன் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டார். மணி போய் சைரன் வந்தது. இருளப்பனுக்கு அந்த ஊளை பிடிக்கவில்லை. ஆனாலும் வண்டி சொன்னபடி கேட்டது.

அந்தப் புது வண்டியில்தான் சுப்பம்மாவை மறுபடி ஏற்றினார். இந்தமுறை நெஞ்சுவலி. பாலத்தைப் பறந்து தாண்டினார். "மெல்லப் போங்க சம்பந்தி, ரசம் அடுப்புல இல்ல," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் ஓட்டியதிலேயே அதுதான் வேகமான ஓட்டம். மறுநாள் பகலில் சுப்பம்மா இறந்துபோனார்.

தியாகராஜா கடதாசி வேலைகளை முடித்துக்கொண்டு பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். வீட்டுக்கு இன்னும் செய்தி போயிருக்கவில்லை. இருளப்பன் உடலோடு தனியாகப் புறப்பட்டார். சைரன் போடவில்லை. மெதுவாக ஓட்டினார். வழி முழுக்க அழுதார், கண்ணைத் துடைத்துத் துடைத்து வீதியைப் பார்த்தார். தெரு திரும்பும்போது, அந்த முதல் வீட்டு ஓலத்துக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டார்.

ஓலம் எழவில்லை.

வண்டியைக் கண்டு தெரு வெளியே வந்தது. சிரித்துக்கொண்டே வந்தது. பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு முகம்கூடத் திரும்பவில்லை. எத்தனையோ வருஷம் இருளப்பன் ஆசைப்பட்டது இதற்குத்தான். தியாகராஜாவின் மனைவி வாசலில் நின்றபடி, "நான் இந்தத் தடவ பாடமாட்டேன் மதினி, மரியாதையா எறங்கு," என்றார். எல்லோரும் சுற்றி நின்று பின்கதவையே பார்த்தார்கள்.

இருளப்பன் இறங்கிப் பின்பக்கம் வந்தார். கைப்பிடியில் கை வைத்தார். திறக்க முடியவில்லை.

ஞானேஸ்வரி கதவோரம் குனிந்து, "கேட்டது போதும் அத்த, வெளிய வாங்க," என்றாள்.

"அழும்மா," என்றார் இருளப்பன்.

அதற்கும் தெரு சிரித்தது.