மாஸ்டரின் மீன்தொட்டி

மீன்தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, நாலு சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, சன்னல் வெளிச்சத்தில் உயர்த்தியபடி மனைவியைக் கூப்பிடுகிறார் டிரைவிங் மாஸ்டர்.

"பச்சையா, மஞ்சளா? என் கண்ணை நம்ப முடியாது. அதுக்குப் பச்சை மேல ஆசை."

ஈரக்கையோடு வந்து பார்க்கும் அந்த அம்மாள், "பச்சைதான், கிளம்புங்க" என்கிறார். அன்றைய பி.எச். எண்ணை நாட்காட்டியில் குறித்த பிறகுதான் மாஸ்டர் சட்டை மாட்டுவார்.

எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். நான் இரண்டு தடவை சுவரில் மோதியும் ஒரு வார்த்தை அதட்டாதவர். தொட்டி அவர் மகளுடையது. வேலை கிடைத்து வெளியூர் போனவள், ஒன்பது மீன்களையும் அப்பா பொறுப்பில் விட்டுப் போனாள்.

போன வருடம் ஒருநாள் குழாயில் அப்பட்டமான மஞ்சள். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாததால் கழிவு சேர்ந்து அமிலம் ஏறியிருந்தது. பதறிப்போன மாஸ்டர் இரண்டு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொட்டினார். அரை மணியில் காரம் எகிறி, குழாய் நீலம் காட்டியது. சாயங்காலத்துக்குள் மூன்று மீன்கள் மிதந்தன.

மகளிடம் மறைக்க மனம் வரவில்லை. அவள் திட்டவில்லை. "ஸ்டியரிங்கை வெடுக்குன்னு திருப்பக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க" என்றாளாம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் மாஸ்டர் தொட்டிப் பக்கம் திரும்புவதில்லை.

இப்போது வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாறுகிறது. புதுத் தண்ணீரை முதல்நாளே வாளியில் பிடித்துவைத்து அதையும் சோதிக்கிறார். ஃபில்டருக்குள் உடைத்த பவளக்கல் ஒரு சின்னத் துணிப்பையில் கிடக்கிறது. மெல்லக் கரைந்து தண்ணீரை ஒரே நிலையில் வைத்திருக்குமாம். சென்ற மாதம் பச்சையில் கொஞ்சம் மஞ்சள் தட்டியது. ஒரு சிட்டிகை சோடா போட்டால் என்ன என்று கேட்டேன்.

"மீன் நல்லா சாப்பிடுது, நல்லா நீந்துது. நம்பரைத் துரத்திக்கிட்டுப் போனா அதுக்குத்தான் மூச்சு முட்டும். நாளைக்கும் இதே நிறம் இருந்தா போதும்."

இருந்தது. மிஞ்சிய ஆறு மீன்கள் குஞ்சுகளோடு சேர்ந்து இப்போது பத்தொன்பது. மகள் ஃபோன் வீடியோவில் எண்ணிப் பார்த்து, இருபது என்று சண்டை போடுகிறாள்.

நேற்று நான் போனபோது வாளித் தண்ணீரை டம்ளர் டம்ளராக மொண்டு தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு குஞ்சு மேலே வந்து டம்ளருக்கு நேர் கீழே நின்றுகொண்டது. மாஸ்டர் விரட்டவில்லை. வலித்த முழங்கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, அது விலகும்வரை டம்ளரைச் சாய்க்காமல் பிடித்திருந்தார்.