எரியாத கூரை

தீயணைப்பு வேலை என்றாலே எல்லோருக்கும் தண்ணீர்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு கொக்கி. நீளமான மூங்கில் கழி, அதன் முனையில் பருந்தின் மூக்கு மாதிரி வளைந்த இரும்பு. எங்கள் ஸ்டேஷன் வண்டியின் மேலே, ஏணிக்குப் பக்கத்தில் அதைப் படுக்கவைத்துக் கட்டியிருப்போம். கூரை வீடுகளைப் பிரித்து இழுக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

அந்தக் கொக்கி எங்கள் பக்கத்தில் பிறந்ததில்லை. சென்னையிலிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்காக எங்களைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பழைய ஸ்டேஷனைச் சுற்றிக் காட்டினார்கள். செங்கல் கட்டடம், யானையே நுழையக்கூடிய வாசல், பின்பக்கம் ஈர ஹோஸைத் தொங்கவிட்டுக் காயவைக்க ஒரு கோபுரம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அந்தக் கோபுரத்து நிழலில் நிற்கவைத்துத்தான் பழைய கதைகளைச் சொன்னார். பம்பு வருவதற்கு முன்னால் வாளியும் கொக்கியும்தான் இந்தத் தொழிலாம். எரிகிற வீட்டை விட்டுவிட வேண்டும். அடுத்து எரியப்போகிற வீட்டை இழுத்துப்போட வேண்டும். தின்ன எதுவும் கிடைக்காவிட்டால் தீ தானாகப் படுத்துவிடும் என்றார். "அப்ப எரியாத வூட்டுக்காரன் வந்து ஒதைக்க மாட்டானா சார்?" என்று நான்தான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "அது உன் ராசி" என்றார்.

பட்டணத்தில் கூரை வீடுகள் போய் மாடிகள் வந்துவிட்டன. கொக்கிக்கு அங்கே வேலை இல்லை. அதனால் ஒரு பழைய வண்டி, ஒரு மணி, கொஞ்சம் ஏணிகள் ஆகியவற்றோடு அதுவும் எங்கள் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பட்டணத்தில் கழித்துக்கட்டியது எதுவும் எங்களுக்குப் புதுசுதான். கழியை நாங்கள் எத்தனையோ முறை மாற்றிவிட்டோம். இரும்பு மட்டும் அதே இரும்பு. அதில் எந்த ஸ்டேஷன் என்று எழுத்து பொறித்திருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்து அடித்து இப்போது அதைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

என் சர்வீஸ் முழுக்க விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் மாறி மாறித்தான் ஓடியது. இந்தச் சம்பவம் எந்த ஸ்டேஷனில் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்னும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பேஜாரு. ஆரம்பத்தில் அந்த ஸ்டேஷன் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்) குடோனில் வாடகைக்கு இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வண்டி வேப்பமரத்தடியில் நிற்குமாம், ஆட்கள் மூட்டைகளுக்கு நடுவில் படுப்பார்களாம். நான் போனபோது சொந்தக் கட்டடம் வந்துவிட்டது. கோபுரம் மட்டும் கிடையாது. ஹோஸை மதில்மேல் போட்டுத்தான் காயவைப்போம். எதிரில் இருக்கிற டீக்கடைக்காரருக்கு அது பெரிய தமாஷ். "சார் பாம்பு காயப்போட்டுட்டாரு" என்பார்.

அந்த டீக்கடையில் தினமும் நான் கேட்கிற இன்னொரு பேச்சு, "நீங்க எல்லாம் எரிஞ்சு முடிஞ்சப்புறந்தானே வருவீங்க?" என்பது. ஜவுளிக் கடையில் கேட்பார்கள், கல்யாணத்தில் கேட்பார்கள். வீட்டுக்கு லேட்டாகப் போனால் என் மனைவியும் அதைத்தான் கேட்பாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஊரே கூடி அணைத்துப் பார்த்து, முடியாமல் போன பிறகுதான் போன் போடுகிறார்கள். போன் போட்டவன் வழி சொல்லாமல் "ஜல்தி வாங்க சார்" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறான். ரயில்வே கேட் மூடியிருக்கிறது. காலனிக்குள் போகிற பாதையில் டிராக்டர் நிற்கிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில், கிளியனூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு காலனியிலிருந்து மத்தியானத்தில் போன் வந்தது. மல்லாட்டை பிடுங்குகிற நாள். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நிலத்து வேலையாகக் கொல்லியில் இருந்தார்கள். நாங்கள் போகும்போது ஒரு வரிசையின் மேற்குப் பாதி எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பனை ஓலையும் காய்ந்த கரும்புத் தோகையான சோகையும் போட்ட கூரைகள். ஒரு கூரையின் தாழ்ந்த விளிம்பு, இறவாணம், அடுத்த கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்று வேறு. வண்டியில் இருந்த தண்ணீர் மூச்சு விடுவதற்குள் தீர்ந்துபோனது. பக்கத்துக் கொல்லியில் மோட்டார் இருந்தது. ஆனால் தீ என்றதும் கரண்டை நிறுத்திவிட்டார்கள், நிறுத்தத்தான் வேண்டும். மோட்டார் ஓடவில்லை. கிணற்றின் அடியில் தண்ணீர் நிற்கிறது, எங்கள் வண்டிப் பம்பு உறிஞ்ச முடியாத ஆழம். அடுத்த ஸ்டேஷன் வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அது வருவதற்குள் கிழக்குப் பாதியும் சாம்பலாகிவிடும்.

"கொக்கியை எறக்குங்கப்பா" என்றேன்.

எரிகிற வீட்டுக்கு அடுத்த வீட்டின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. காலேஜுக்குப் போகிற ஒரு பெண் உண்டு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான். அவள் குடத்தில் இருந்த தண்ணீரையெல்லாம் கூரையில் ஊற்றி, கோணிகளை நனைத்து மேலே எறிந்து, தன் வீட்டைத் தீ பிடிக்காமல் வைத்திருந்தாள். எங்களைவிட நன்றாகவே வேலை செய்திருந்தாள். ஆனால் இனி அவளிடம் தண்ணீர் இல்லை.

"நவுரும்மா, கூரையப் பிரிக்கணும்."

"இன்னும் புடிக்கலியே சார்!"

"புடிச்சிரும்மா. அப்புறம் அந்தப் பக்கம் பூரா போயிரும்."

"பொங்கல் கழிச்சுத்தான் சார் மாத்துனேன். புதுச் சோகை சார். நான் நனைச்சுக்கினே இருக்கறேன், நீங்க வேற எங்கனா ஊத்துங்க!"

ஊற்றுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? அவளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் கொக்கியைப் போட்டு இழுத்தேன். புதுக் கூரை என்பதால் கட்டு இறுக்கமாக இருந்தது. லேசில் வரவில்லை. ஆட்கள் சேர்ந்து இழுத்ததும் மூங்கில் முறிந்து மொத்தமாகத் தெருவில் விழுந்தது. விழுந்ததை மிதித்து, சகதியில் இழுத்து, தூரத்தில் தள்ளினோம். தீ அந்த இடைவெளிவரை வந்து, தாண்ட வழியில்லாமல் நின்றுவிட்டது. கிழக்குப் பாதியில் ஒரு வீடும் போகவில்லை. இன்றைக்கு என்னை அதே இடத்தில் நிறுத்தினாலும் அதே வீட்டைத்தான் பிரிப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வீடு தப்பியவர்கள் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண் தன் மண் சுவருக்கு உள்ளே, மேலே வானம் தெரிய, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மோரை நான் பாதியில் வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் ஸ்டேஷனுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"எரிஞ்ச வூட்டுக்கெல்லாம் நிவாரணம் எழுதிக்கினு போயிட்டாங்க சார். காங்கிரீட் வூடு கூட வரும்ன்றாங்க. என்னுது எரியலன்னு உட்டுட்டாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வயசுக்கு வந்த பொண்ண வச்சிக்கினு வெட்டவெளியில எப்படி சார் படுக்கறது?"

போனேன். யூனிபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கே எனக்கு மரியாதை குறைவில்லை. நாற்காலி போட்டார்கள், டீ சொன்னார்கள். நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டைப் பிரித்ததால்தான் மற்ற வீடுகள் நிற்கின்றன என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷன்தான்.

"சார், முழுசா எரிஞ்சது, பாதி எரிஞ்சது, பாரத்துல ரெண்டே கலம்தான் எனக்கு. பிரிச்சதுன்னு ஒரு கலம் இல்ல. நான் எதுல போடறது, நீங்களே சொல்லுங்க."

"எரிஞ்சதாவே போடுங்க சார். நாங்க பிரிக்காம உட்டிருந்தா எரிஞ்சிருக்கும்."

"உட்டிருந்தா போட்டிருப்பேன் சார்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

மேலே எழுதிக் கேட்கிறேன் என்றும் சொன்னார். மேலே என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். என் பிரமோஷன் பேப்பரும் அங்கேதான் பல காலமாக இருக்கிறது.

வெளியே காத்திருந்த அவளிடம் அந்த ரெண்டு கலத்தைப் பற்றிச் சொன்னேன், இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவள் முந்தானையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அந்தச் சோகை அப்படியே குமிஞ்சு கெடக்குது சார். மிதிபட்டுப் போச்சு, மறுபடி மேல ஏறாது. நீங்களே வந்து ஒரு குச்சி கிழிச்சுப் போட்டுருங்க. நான் வச்சா எங்கனா பரவிரும்னு பயம்மா இருக்குது. நீங்க வச்சா பரவாது. அணைக்கவும் நீங்களே இருப்பீங்க."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு என்மேலேயே அசிங்கமாக வழிந்தது. "அப்படிலாம் பேசாதம்மா" என்று மட்டும் சொன்னேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷன் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போய்ச் சுவர்மேல் கட்டிக்கொடுத்தோம். அடுத்த வாரத்தில் ஒரு கோடை மழை. காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய்ப் பனைமரத்தில் மாட்டிவிட்டது. தாயும் மகளும் ஒரு நாள் இந்த வீடு, ஒரு நாள் அந்த வீடு என்று படுத்தார்கள். தப்பித்த வீடுகள்தான். ஆனால் அந்த வீடுகளில் கால் நீட்டவே இடம் கிடையாது.

மழைக்குப் பிறகு வெயில் மறுபடி ஏறியது. ஒரு நாள் கிளியனூர் பக்கத்தில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் தண்ணீர் நிறைய இருந்தது. டிரைவர்தான் முதலில் பார்த்தார். "சார், அந்தக் காலனில பொகை."

போன் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை. நாங்களாகவே வண்டியைத் திருப்பினோம். பாதையில் டிராக்டர் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தீ சரியாகப் பற்றிக்கொள்வதற்கு முன்பே நாங்கள் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

அவள் அந்தச் சோகையையும் ஓலையையும் முழுக்க வாரி, தன் மண் சுவர்களுக்கு உள்ளே பழைய வீடு மாதிரியே குவித்து, ஒரு மூலையில் தீ வைத்திருந்தாள். சுற்றிலும் குடங்களில் தண்ணீர். பக்கத்து வீட்டுக் கூரைகளில் ஈரக் கோணி. பக்கத்து வீட்டுக்காரர்களே ஆளுக்கொரு குடத்தோடு காவல் நின்றிருந்தார்கள். மகள் கையிலும் ஒரு குடம். யாரும் கத்தவில்லை, அழவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்ததும்தான் எல்லோர் முகமும் விழுந்துபோனது.

"இன்னிக்குப் போயி இவ்ளோ ஜல்தியா வந்துட்டீங்களே சார்" என்றாள் ஒருத்தி. அதில் கிண்டல் கொஞ்சமும் இல்லை.

ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். டிரைவரும் என்னைப் பார்த்தார். மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஈரக் கோணி வெயிலில் எத்தனை நேரம் ஈரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கூரை தள்ளி ஒரு குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நிமிஷத்துக்குள் ஒரு பொறி எழும்பி அடுத்த இறவாணத்தில் போய் உட்கார்ந்து அணைந்தது.

"தண்ணி உடு" என்றேன்.

நானே வண்டிமேல் ஏறிக் கொக்கியை அவிழ்த்தேன். எரியாத பாதியை இழுத்துத் தெருவில் போட்டேன். அதே சோகைதான், அதே கொக்கிதான். எரிந்த பாதி தண்ணீரில் கறுத்துக் குழைந்து அடங்கியது. வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாதி எரிஞ்சிருக்குது இல்ல சார்? அந்த ரெண்டாவது கலத்துலயாவது போடுவாங்களா?"

"கேட்டுப் பாக்கலாம்மா" என்றேன். கேட்க எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எரிந்தது வீடே இல்லை, ஒரு குப்பைமேடு என்று எழுதுவார்கள். நானே அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். அவள் சரி என்று தலையாட்டினாள்.

நாங்கள் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவள் தெருவில் கிடந்த ஈரச் சோகையைக் குனிந்து குனிந்து வாரி, தன் சுவர் ஓரமாக வெயில் படுகிற இடத்தில் பரப்ப ஆரம்பித்தாள். மகளும் போய்ச் சேர்ந்துகொண்டாள். கூரைக்கு ஆகாத சோகை. மாடுகூடத் தின்னாது.

"அது எதுக்கும்மா இனிமே?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "காயட்டும் சார்" என்றாள்.