முருங்கைக் கிளை

சத்தாகவும் இருக்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்று காக்களூர் கடையில் முருங்கைக்கீரையை எடுத்தேன். பச்சை வாசனை அடித்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்பியது.

பொன்னேரியில் இருந்தபோது, தங்கைக்கு ரத்தம் குறைவு, தினமும் கீரை கொடுங்கள் என்றார் டாக்டர். தினமும் வாங்க வசதியில்லை. பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் கூரைமேல் சாய்ந்திருந்தது. அம்மா இரண்டு கொத்து ஒடித்தாள்.

"இன்னாடி, எங்க மரத்துல திருடிக்கினு கீற?" என்று தெருவே கேட்கக் கத்தினாள் பக்கத்து வீட்டு மல்லிகா. மறுநாள் கிளையையே வெட்டிச் சாக்கடையில் போட்டாள்.

அம்மா சாக்கடையில் இறங்கி, நனையாத கொத்துகளைப் பறித்துவந்து சமைத்தாள். தங்கை இன்னும் கேட்டுச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

போன மாதம் மல்லிகா இறந்தாள்.

"மாலை வாங்கினு வாடா, போய்ப் பாத்துனு வரலாம்" என்றாள் அம்மா.

"நீ போ. நா வர்ல."

இன்றுவரை அதில் எனக்கு வருத்தமில்லை.