வித்தவுட் டீயும் பேரில்லாத டாக்டரும்

டீ போடுவது லேசான வேலை. அதில் என்ன கலந்தோம் என்று ஊருக்கே பதில் சொல்வதுதான் தொழில்.

அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் கடை. அப்பா மாஸ்டர். பிளஸ் ஒன் படிக்கிற நேரம் போக நான் கல்லா, கிளாஸ், மிமிக்ரி. யார் டீ கேட்டாலும் அவர் குரலிலேயே உள்ளே கத்துவேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். குரலை வைத்தே ஆளைப் பிடித்து, அவருக்குத் தகுந்த சர்க்கரை போட்டு நீட்டுவார். ஏதாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று ஜனங்களிடம் மாட்டிய என் இனமே, கேளுங்கள்.

மாத்திரை டப்பா

வித்தவுட், அதாவது சர்க்கரை போடாத டீ, குடிப்பவர்களுக்காக கல்லாப் பக்கத்தில் ஒரு குட்டி டப்பா வைத்திருந்தோம். ஒரு அமுக்கு அமுக்கினால் கடுகு சைஸில் ஓர் இனிப்பு மாத்திரை விழும். முதல் வாடிக்கையாளர் அப்பாதான். அவருக்குச் சர்க்கரை வியாதி. கால் விரலில் செருப்பு கடித்த புண் வேறு ஆறாமல் இருந்தது.

மஞ்சள் மண்டி கோவிந்தண்ணனுக்கு அந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது. போனில் வந்த வீடியோக்களைத் தினமும் எங்களுக்கு ஒப்பிப்பார். அன்றைக்கும் ஒரு பீடியை முடித்து, அந்த நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "கெமிக்கலுப்பா அது. கேன்சர் வருமாம். நானெல்லாம் ஒடம்புக்கு ஆவாதத கையால தொடமாட்டன்."

டாக்டர் பிறந்தார்

அவரைக் கலாய்க்கத்தான் செய்தேன், சத்தியமாக. பாய்லருக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்கைக் கொஞ்சம் அடைத்து, தொண்டையைக் கனைத்து, போனில் பதிவு செய்தேன். "வணக்கம். நான் டாக்டர் பேசுறேன். இனிப்பு மாத்திரை போட்டா மூளை காஞ்ச பூண்டு மாதிரி சுருங்கிடும். தூக்கி எறிங்க. வெல்லம் இயற்கை. எவ்வளவு வேணாலும் போடலாம். பத்துப் பேருக்கு அனுப்புங்க. நன்றி."

பேர் சொல்லவில்லை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எதுவும் சொல்லவில்லை. சித்தி பையன் புது நம்பரிலிருந்து கோவிந்தண்ணனுக்கு மட்டும் அனுப்பினேன். அரைமணியில் ஓடி வந்தார், முகமெல்லாம் வெற்றி: "பாத்தியா? எவ்வளோ பெரிய டாக்டர்னா பேரே சொல்லாம பேசுவாரு!"

டாக்டர் ஊரைச் சுற்றினார்

நாலே நாளில் என் குரல் நான் போகாத ஊருக்கெல்லாம் போனது. அதியமான்கோட்டையிலிருந்து மாமா அம்மாவுக்கு அனுப்பினார். என் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஸ்டாஃப் ரூமில் போட்டுக் கேட்டுவிட்டு, "சிந்திக்க வேண்டிய விஷயம்" என்றார். அந்த மனுஷன் கையால்தான் எனக்கு ஃபெயில் மார்க்.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து எனக்கே போட்டுக் காட்டினார். கேட்டுவிட்டு, "அண்ணே, இது பொய்யா இருந்தா?" என்றேன். அவர் என் தலையில் செல்லமாகத் தட்டினார்: "பொய்யின்னா இத்தினி பேரு அனுப்புவாங்களாடா?"

அப்பாவின் வெல்லம்

அதுவரை சிரித்தேன். ஒரு நாள் காலையில் டப்பா குப்பைக்கூடையில் கிடந்தது. அப்பா தன் டீயில் வெல்லம் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பூன் அல்ல, மூன்று. ஒரு டீ அல்ல, ஒரு நாளைக்கு ஆறு. எவ்வளவு வேணாலும் போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாரே!

இரண்டே வாரத்தில் புண் கறுத்து, காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நொண்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். அப்பா கிளாஸைத் தூக்கிக் காட்டினார்: "மருந்தத்தான் குடிச்சிட்டிருக்கறேன், சும்மா இரு."

வாக்குமூலம்

அன்று சாயந்திரம் கடை நிறைய ஆள் இருக்கும்போதே உடைத்துவிட்டேன். "அப்பா, அந்த டாக்டர் நான்தாம்பா." யாரும் நம்பவில்லை. மூக்கை அடைத்து, தொண்டையைக் கனைத்து, "வணக்கம்" முதல் "நன்றி" வரை ஒரு எழுத்து பிசகாமல் பேசிக் காட்டினேன்.

கை தட்டினார்கள்! கண்டக்டர் விசில் அடித்தார். கோவிந்தண்ணன், "அந்த டாக்டரு மாதிரியே பேசறான் பாருய்யா" என்று என் முதுகில் குத்தினார். ஊரில் எவன் குரல் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடுகிற என் அப்பா, கண்ணை மூடி முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "பரவால்ல. ஆனா ஒரிஜினல் டாக்டர் கொரல்ல ஒரு படிப்பு தெரியுது. ஒனக்கு அது வல்ல."

கடைசி மூன்று செகண்ட்

மறுநாள் காய்ச்சல் வந்து அப்பா சாய்ந்துவிட்டார். அம்மாவும் நானும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்ன சாப்பிட்டீங்க என்றார். அப்பா பெருமையாக ஆடியோவைப் போட்டார்.

"அந்த மாத்திரை நல்லதா கெட்டதான்னு எங்களுக்குள்ளயே பேச்சு ஓடிட்டுதான் இருக்கு. ஆனா வெல்லமும் சர்க்கரைதான், அதுல பேச்சே இல்ல. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா. பேசிக்கொண்டே இருந்ததால் ஆடியோவை யாரும் நிறுத்தவில்லை. "நன்றி" வந்தது. எல்லாரும் அந்த இடத்தில்தான் நிறுத்திவிட்டு அடுத்தவனுக்கு அனுப்புவார்கள்; நானே அதற்கு மேல் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் மூன்று செகண்ட் ஓடியது. பாய்லர் புஸ்ஸென்றது. தூரத்தில் ஒரு கத்தல்: "டேய் பிரபு! எச்சக் கிளாஸ கழுவாம அங்க குந்திக்கினு என்னடா பண்ற?"

டாக்டரம்மா நிமிர்ந்து, "இது யாரு குரல்?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், காலைப் பார்த்தார். குரலை வைத்து ஆளைப் பிடிப்பதில் அவர் தோற்றதே இல்லை. மெதுவாகச் சொன்னார்: "நானுதானுங்க, மேடம்."

அப்பாவுக்கு விரல் மிஞ்சியது, எனக்கு முதுகு மிஞ்சவில்லை, பேரில்லாத டாக்டர் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இன்னும் ஊர் ஊராக வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.