அங்கோரிலிருந்து ஓர் அர்ச்சனை

எண்பதுகளின் பின்பாதியில், கம்போடியாவில் போர் ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த நாட்களில், அங்கோர் கோயில்களைச் சுத்தம் செய்யப் போன நம் நாட்டுக் குழுவோடு புகைப்படக்காரனாகப் போனேன். கிளம்பும்போது சங்கரன்கோவில் வீட்டில் மனைவி ஒரே போடாகப் போட்டாள்: "இங்கன இருக்க கோயிலுக்குக் கூப்பிட்டா வரமாட்டீய. கோயில் பாக்கக் கடல் தாண்டிப் போறீயளாக்கும்."

அவள் சொன்னது சரிதான். கோயில் என்றாலே நழுவுகிற ஆள் நான். ஆனால் அங்கே, விடியற்காலை மூட்டத்துக்குள்ளிருந்து கோபுரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது, தூக்கத்தில் நடக்கிறவன் போல நடந்தேன். சுவர்களின் மேல் மரங்கள் உட்கார்ந்திருந்தன. வேர்கள் இறங்கி வாசல்களை மூடியிருந்தன. எந்தக் கல்லைப் படம் எடுத்தாலும் எப்போதோ பார்த்த கல்லாகவே பட்டது.

ஒரு நாள், இடிந்த மண்டபம் ஒன்றில் கைகள் உடைந்த சிலையைக் கண்டேன். தலையில் வலப்பாதி சடைமுடி, இடப்பாதி கிரீடம். பாதி சிவன், பாதி பெருமாள். எங்கள் ஊர் சங்கரநாராயணரேதான். தெரியாத தேசத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தது போலிருந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

பாசி தேய்க்கும் வேலைக்கு வந்திருந்த, அந்த நாட்டுக் கெமர் இனத்து அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் காரணம் கேட்டார். இவர் எங்கள் ஊர்ச் சாமி, அங்கே இன்றும் பூசை நடக்கிறது என்றேன். அந்த அம்மா சிலையின் உடைந்த தோளைத் தொட்டபடி தன் கதையைச் சொன்னார். லட்சக்கணக்கானவர்களைக் கொன்று குவித்த முந்தைய ஆட்சியில் அவருடைய கணவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"உங்கள் ஊரில் இவருக்குக் கைகள் இருக்கின்றனவா?" என்று கேட்டார். இருக்கின்றன என்றேன். "அப்படியானால் என் கணவரைத் தேடித் தரச் சொல்லுங்கள்."

கணவரின் பெயர் என் நாக்குக்குப் படியும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்த மறுநாளே, யாரும் கூப்பிடாமல், கோயிலுக்குப் புறப்பட்டேன். மனைவிக்கு நம்ப முடியவில்லை, கூடவே வந்தாள். சங்கரநாராயணர் சன்னிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டி அந்தப் பெயரைச் சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். வெளிநாட்டுக்காரர், காணாமல்போய்ப் பல வருஷம் ஆகிறது என்று விவரம் சொன்னேன். அவர் தட்டை வாங்கவில்லை. அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தானாம். போய்ச்சேர்ந்தவர்களுக்கு மோட்ச தீபம் போட வேண்டுமாம்.

"ஆள் இருக்காரா, இல்லையா? அதைச் சொல்லும்."

பின்னால் வரிசை நெருக்கியது. அந்த நாட்டில் வயல் வரப்பிலெல்லாம் மனித எலும்புகளைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். எனக்கா தெரியாது?

"இருக்காரு சாமி" என்றேன்.