மாமனார் மேட்டுக் குளவிகள்

யெங்வோல் ஊரின் மலையோரத்தில் மல்சுன்னுக்குச் சில பெட்டித் தேனீக்கள் உண்டு. தேனைவிட அவள் கைராசிக்குத்தான் பேர். மூட்டுவலி என்று யார் வந்தாலும் இடுக்கியால் ஒரு தேனீயைப் பிடித்து வலிக்கிற இடத்தில் கொட்டும்படி வைப்பாள். பயத்திலேயே பாதிப் பேர் எழுந்து நடந்துவிடுவார்கள்.

அவள் புருஷன் பில்சிக், அறுவடைத் திருநாளுக்கு முன்னால் தன் அப்பாவின் சமாதி மேட்டில் புல் வெட்டப் போய் அங்கேயே செத்தான். புல்லுக்குள்ளிருந்து கிளம்பிய குளவி ஒன்று கொட்டியது. முகம் வீங்கி மூச்சு அடைத்துப் போனது. சாகும்வரை மகனோடு பேசாத மாமனார்தான் குளவியை ஏவி அவனைக் கூட்டிக்கொண்டார் என்று மல்சுன் நம்பினாள். அதன்பின் அந்த மேட்டை அவள் கும்பிட்டதில்லை. கனவில் கிழவர் வாயைத் திறப்பார்; உள்ளே குளவி இரையும்.

இந்த வருஷம் அம்மாவோடு புல் வெட்டப் போன மகன் ஹியோன்பே, அதே மேட்டில், அதே மாதிரி குளவி கொட்டிச் சரிந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

"பாவி கிழவன் பேரனையும் கேக்குறான்!" என்று கத்தினாள் மல்சுன்.

முதல் ரத்தப் பரிசோதனை தேனீ, குளவி இரண்டும் ஆகாது என்றது. டாக்டர் தாக் அம்மாள் அதோடு விடவில்லை.

"முழு விஷத்தை வெச்சுப் பார்த்தா இப்படித்தான் குழப்பும். அதுல இருக்கிற புரதத்தை ஒவ்வொண்ணா லேபுல செஞ்சு வெச்சிருக்கோம். அதுலயும் பார்த்தாச்சு. குளவியால ஒண்ணுமில்ல, தேனீதான் ஆகாது. எப்ப கொட்டுச்சு?"

"தேனீ கொட்டவே இல்ல டாக்டர். குளவிதான், கண்ணால பார்த்தேன்," என்றான் ஹியோன்பே.

பொய்யில்லை. மல்சுன் வைக்கும் தேனீ அந்த ஊரில் மருந்து; அதை யாரும் கொட்டு என்று சொல்வதில்லை.

மல்சுன் மகனின் இடுப்பைத் தொட்டாள். "இடுப்பு பிடிச்சிருக்குன்னான். மேட்டுல வெச்சு நான்தான் ரெண்டு வெச்சேன்."

"பல வருஷம் தாங்கின உடம்பு ஒரு நாள் திடீர்னு தாங்காதும்மா. இனி ஒண்ணுகூட வேண்டாம். தேனீ விஷத்தையே துளித்துளியா ஊசியில ஏத்தி உடம்பைப் பழக்குவோம். குளவிக்குன்னு ஊசி போட்டிருந்தா அத்தனையும் வீண்."

"டாக்டரம்மா, செத்துப்போனவரோட ரத்தத்தைப் பார்க்க முடியுமா?"

"யாரோடது?"

மல்சுன் கதவைப் பார்த்து நடந்தாள். பில்சிக் செத்த அன்று, மேட்டில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவன் சிரித்தது ஞாபகம் வந்தது. 'முட்டிக்கு இன்னொண்ணு வை புள்ள.' அவள் வைத்தாள்.

திருநாளன்று அவள் தனியாக மேட்டுக்குப் போனாள். அரிசிக் கள்ளை ஊற்றி, நெற்றி மண்ணில் பட விழுந்தாள். புல்லுக்குள் குளவிகள் இரைந்துகொண்டிருந்தன.

"உங்க மேல பழி போட்டுட்டேன் மாமா. அவரு அங்க உங்ககூடத்தானே இருக்காரு? எது கொட்டுச்சுன்னு அவருக்குத் தெரியுமா? தெரியலைன்னா... சொல்லிடாதீங்க."