புத்தலப்பட்டு ரோலரின் நிறம் மாறிய நாள்

புத்தலப்பட்டுக்கு யாரும் சுற்றுலா போகமாட்டார்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது ரோடு ரோலர் ஓட்டினால், புது மாதிரி வண்டி பழக அவரோடு நீங்களும் போகவேண்டி வந்தால், இது உதவும். எல்லோரும் தூங்கிய பிறகு நைனாவின் போனில், போர்வைக்குள் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். யார் பெயரும் போடவில்லை.

போன சனிக்கிழமை போனோம். நைனா பதினைந்து வருஷமாகச் சாலை வேலையில் ரோலர் ஓட்டுகிறார். இப்போது திரை வைத்த புது ரோலர் வந்திருக்கிறது. ஓட்டிக் காட்டினால் அந்த வண்டியில் வேலை அவருக்கு. இல்லையென்றால் சித்தப்பா மாதிரி குவைத்துக்குப் போகவேண்டியதுதான். பாஸ்போர்ட் வந்து சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. திரையில் இங்கிலீஷ் வரும் என்று என்னையும் கூப்பிட்டார். "நீ படிச்சிச் சொல்லு, மீதிய நான் பாத்துக்கிறேன்."

என் பயம் வேறு. நைனாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பழுத்த மிளகாய் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்துவருவார். "வேலைல கவனமே இல்ல" என்று அம்மா திட்டுவாள். பள்ளியில் கண்ணைப் பற்றிய பாடம் நடந்த அன்று எனக்குப் புரிந்துபோனது. யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட.

காலை ஆறு மணிக்கு வடமாலபேட்டையில் பஸ் ஏறினோம். திருப்பதிக்கு முக்கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் இட்லி. "துன்னு, அங்க ஒண்ணும் கிடைக்காது" என்றார் நைனா. அது உண்மைதான், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சித்தூர் போகும் எல்லா பஸ்ஸும் புத்தலப்பட்டில் நிற்காது, கண்டக்டரைக் கேட்டு ஏறுங்கள். ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும். சந்திரகிரி தாண்டியதும் நைனா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பஸ் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அவர் தலை குலுங்காமல் இருக்க நான் தோளை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர். நாலுவழிச் சாலைக்கு மண் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். அங்கே இருந்த இன்னொரு டிரைவர் எங்களைப் பார்த்ததும் கத்தினார்.

"இன்னா மாமா, செல்போன் கேமு ஆட வந்துகினியா? தொணைக்குப் பாப்பா வேறயா!"

"நீ ஆடித் தோத்தியாமே, அதான் அவள இட்டாந்தேன்" என்றார் நைனா.

திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் ஒரு அக்கா வண்டியை விளக்கினாள். முன்பெல்லாம் அங்கங்கே குழி தோண்டிப் பார்த்துத்தான் மண் இறுகியதா என்று சொல்வார்களாம். இதில் உருளைக்குள் இருக்கும் கருவி, மண் திருப்பித் தரும் அதிர்வை அளக்கிறது. வண்டி நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து சாலை முழுவதும் திரையில் நிறமாக விழுகிறது.

"ரெட்னா மண்ணு லூசு. கிரீன்னா இறுகிடுச்சு, அங்க மறுபடி போகக் கூடாது. அதிகமா மிதிச்சா கல்லு நொறுங்கிடும்."

நைனா திரையையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். மிளகாய்ச் செடி முன்னாலும் அப்படித்தான் தலையாட்டுவார்.

"இனிமே டிரைவரே வேணாமா அக்கா?"

"அந்த ஆராய்ச்சியும் நடக்குதும்மா" என்றாள், மறைக்காமல். "ஆனா மண்ணுல ஈரம் மாறினா இது ஏமாந்துடுது. அதச் சரி பண்ணத்தான் நானே வந்திருக்கேன்."

நைனா வண்டியில் ஏறப்போனார். நான் முந்திக்கொண்டு கேட்டேன். "அக்கா, இந்த நிறத்த மாத்த முடியுமா? எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது. நான் எப்படி எங்க நைனாவுக்குப் படிச்சிச் சொல்றது?"

"உனக்கா? பொண்ணுங்களுக்கு அது ரொம்ப அபூர்வமாச்சே" என்றவள், என்னைத் தாண்டி நைனாவைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. திரையில் எதையோ தட்டினாள். சிவப்பு மஞ்சளானது. பச்சை நீலமானது.

நானும் அக்காவும் பக்கத்தில் ஏறிக்கொள்ள, நைனா ஓட்டினார். மஞ்சள் இருந்த இடத்துக்கெல்லாம் நேராகப் போனார். நீலம் விழுந்த இடத்தைத் தொடவில்லை. கீழே நின்ற சூப்பர்வைசர், "ஆறு பாஸ்!" என்று கத்தினார். ஆறு பேர் பாஸாகிவிட்டார்கள், நைனா இல்லை என்று நினைத்து அழுதுவிட்டேன். அக்கா சிரித்தாள். உருளை ஒருமுறை போனால் அது ஒரு பாஸாம். சூப்பர்வைசர் நைனாவிடம், "திங்கட்கிழமைலேர்ந்து வந்துடு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நைனா தூங்கவில்லை.

"ஒனக்கு எப்பலேர்ந்து செவப்பு தெரியாம போச்சு?"

"கொஞ்ச நாளாத்தான் நைனா."

அவர் என் தலையில் கை வைத்தார். திருப்பதி வரும்வரை எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: குடிக்கத் தண்ணீர், தலைக்குத் துணி எடுத்துப் போங்கள், அங்கே நிழல் இல்லை. திரையின் நிறத்தை மாற்றலாம், கேட்டால் மாற்றித் தருவார்கள். வேறு டிரைவர் பழையபடி வைத்திருக்கலாம், அதனால் தினமும் ஏறியதும் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவரே இல்லாத வண்டி வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட் இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இன்று சாயங்காலம் அம்மா மிளகாய் பறிக்கச் சொன்னாள். நைனா என்னையும் கூப்பிட்டார். செடியருகில் குனிந்து, மெதுவாக, "எது பழம், சொல்லு" என்றார்.

"எனக்குத்தான் செவப்பு தெரியாதே நைனா."

சிரித்தார். பிறகு நான் காட்டியதை மட்டும் பறித்தார்.